டிராக்டர் படம் போட்ட கேசட்

என் வயதுக்காரர்களே, உங்கள் வீட்டிலும் இது நடக்கும். சாப்பிட்டு முடித்து எல்லோரும் டிவி முன்னால் உட்காருகிறோம். மகன் ரிமோட்டை அழுத்துகிறான். திரை முழுக்கக் கட்டம் கட்டமாகப் படங்கள் ஓடுகின்றன. எல்லாவற்றிலும் மூஞ்சி. முறைக்கிற மூஞ்சி, அழுகிற மூஞ்சி, முதுகோடு முதுகு ஒட்டி நிற்கிற இரண்டு மூஞ்சி. அரை மணி நேரம் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு, ஒன்றும் பிடிக்காமல் ஆளுக்கொரு பக்கம் எழுந்து போய்விடுகிறார்கள். எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது. மூஞ்சியே இல்லாத அட்டையைப் பார்த்துக் கேசட் எடுத்துப் போன ஊர் எங்கள் ஊர்.

இராமநாதபுரத்தில் பஸ் ஏறினால், கடல் வாடை மூக்கில் ஏறும்போது இறங்கிவிட வேண்டும். அதுதான் ஊர். ஆண்கள் எல்லாம் கடலுக்கு அப்பால் இருப்பார்கள். வீடுகள் பெண்கள் பேரில் இருக்கும். கல்யாணமானாலும் பெண் தாய் வீட்டிலேயே இருப்பாள், மாப்பிள்ளைதான் வந்து போவார். ஊர் ஓரத்தில் ஒரு டூரிங் டாக்கீஸ் இருந்தது. எங்கள் வீட்டுப் பெண்கள் யாரும் அதற்குள் கால் வைத்ததில்லை. மீன் மார்க்கெட் சுவரில் ஒட்டிய போஸ்டரை மட்டும், போகிற வழியில் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு ஓரக்கண்ணால் பார்ப்பார்கள். அதையும் பசை வாசத்துக்கு ஆடுகள் தின்றுவிடும். கதாநாயகனுக்கு ஒரு பக்கக் கன்னம் இல்லாமல்தான் நான் பல காலம் பார்த்திருக்கிறேன்.

என் உம்மாவின் தம்பி, மாமா, துபாய் வேலையை விட்டுவிட்டு ஒரேயடியாக வந்தபோது இரண்டு வீடியோ டெக்குகளைக் கொண்டு வந்தார். ஒன்றில் ஓடும் படத்தை மற்றதில் காப்பி எடுக்கலாம். டவுனிலிருந்து கேசட் எடுத்து வந்து, காலிக் கேசட்டில் காப்பி போட்டு, எங்கள் வீட்டின் தெருப்பக்கத்து அறையில் வாடகைக் கடை திறந்தார். நம் காலத்து ஆட்களுக்கு அந்த வாடை நினைவிருக்கும். சூடான டெக், பிளாஸ்டிக், அலமாரிக்குப் புதிதாக அடித்த வார்னிஷ் எல்லாம் கலந்து, தலை லேசாகச் சுற்றும்.

கடையில் ஒரே ஒரு தலைவலி. அத்தனை கேசட்டும் கறுப்பு. முதுகில் மாமாவின் கோழிக் கிறுக்கல். "நல்ல படமாத் தரச் சொன்னாங்க" என்று பிள்ளைகளை அனுப்புவார்கள். எந்த வீட்டுக்கு எது நல்ல படம்? சிரிப்புப் படம் கேட்ட வீட்டுக்கு அழுகைப் படம் போய்விட்டால், அந்த வீட்டுக்காரி வாசலுக்கே வந்து சண்டை பிடிப்பாள். மாமா டவுனிலிருந்து அச்சடித்த அட்டைகளை வாங்கி வந்து மாட்டினார். அட்டையில் ஒரு படம், உள்ளே ஒரு படம். சண்டை இரட்டிப்பானது.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் வீட்டில் அந்தத் துக்கம் விழுந்தது. சாச்சி என் உம்மாவின் தங்கை. கல்யாணமாகிச் சில மாதங்களிலேயே அவளுடைய மாப்பிள்ளை சவுதிக்குப் போனார். ஒரு காலையில் வேலைக்குக் கிளம்பியவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அங்கேயே மவுத்து, அங்கேயே அடக்கம். சேதிதான் வந்தது, ஆள் வரவில்லை. சாச்சி வெள்ளைச் சேலை உடுத்தி, உள்ளறையில் இத்தா இருந்தாள். இத்தா என்றால் கணவன் இறந்த பெண் நாலு மாதம் பத்து நாள் வீட்டுக்குள்ளேயே இருப்பது. பூ கூடாது, அத்தர் கூடாது, மருதாணி கூடாது.

உம்மா தன் அறிவுக்கு எட்டியபடி தங்கையைக் காப்பாற்றினாள். மாப்பிள்ளையின் போட்டோ, கடிதம், சட்டை எல்லாவற்றையும் பெட்டியில் போட்டுப் பூட்டினாள். கண்ணில் படாவிட்டால் மனம் ஆறிவிடும் என்பது அவள் எண்ணம். மதுரையிலிருந்து ஆள் வந்து எடுத்த கல்யாணக் கேசட் அப்போதுதான் கைக்கு வந்திருந்தது, இன்னும் யாரும் போட்டுப் பார்க்கவில்லை. அதன் ரோஜாப்பூ அட்டையைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டு, கேசட்டை மாமாவின் காலிக் கேசட்டுகளுக்கு நடுவே சொருகிவிட்டாள். மாமாவிடம் சொல்ல மறந்துவிட்டாள். இது எனக்குப் பிறகு தெரிந்தது.

சாச்சி வரைய ஆரம்பித்தது தற்செயல்தான். காப்பி எடுத்த கேசட்டை மாமா கூடத்தில் ஓட்டிச் சரிபார்ப்பார். சாச்சியின் அறைச் சுவரில் மேலே காற்றுக்காக ஒரு சிமெண்ட் ஜாலி இருந்தது. இத்தாவில் படம் பார்க்கக்கூடாது என்று உம்மா சொல்லிவிட்டாள். காதை என்ன செய்ய முடியும்? ஒரு நாள் மாமா அட்டைக்காகப் புலம்பிக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து குரல் வந்தது. அண்ணனை எங்கள் பக்கம் காக்கா என்போம்.

"காக்கா, அந்தப் படத்துல மழை பேஞ்சுக்கிட்டே கெடக்குதே. ஒரு கொடைய வரைஞ்சு ஒட்டுனா என்ன?"

"நீ வரைவியா?"

"அட்டை குடுங்க, பாப்போம்."

வெளிநாட்டுச் சட்டைக்குள் மடிப்புக் கலையாமல் இருக்க ஒரு வெள்ளை அட்டை வைத்திருப்பார்களே, அதை வெட்டிக் கொடுத்தோம். அவளிடம் ஸ்கெட்ச் பேனாக்கள் ஒரு பெட்டி இருந்தன. மாப்பிள்ளை யாரோ வருகிறவரிடம் கொடுத்துவிட்ட கடைசிப் பார்சலில் வந்தவை. உம்மா பூட்டாமல் விட்டது அது ஒன்றைத்தான். மடக்காமல் சுவரோரம் வைத்த குடை, அதன் கீழே தேங்கிய தண்ணீர், பக்கத்தில் ஒற்றைச் செருப்பு. அவ்வளவுதான் வரைந்தாள்.

"மூஞ்சி இல்லாம யாரு புள்ள எடுப்பா?" என்றார் மாமா.

மூஞ்சியை அவள் எக்காலமும் வரைய மாட்டாள். மனிதரையோ மிருகத்தையோ வரைந்தால் நாளை மறுமையில் அதற்கு உயிர் கொடு என்று கேட்பார்கள் என்று ஓதுகிற இடத்தில் சொல்லியிருந்தார்கள். அதனால் ஆள் இருக்கும் இடத்தில் ஆளின் சாமானை வரைந்தாள். அந்தக் குடை கேசட் அன்று சாயங்காலமே போனது. போனது கடைக்குத் திரும்பினால் அடுத்த வீடு காத்திருக்கும்.

பிறகு வரிசையாக வந்தன. மூன்று தட்டுச் சோறு, அதில் ஒன்று மட்டும் மூடி வைத்தது. அதைப் பார்த்ததும் எங்கள் ஊர்ப் பெண்களுக்குப் புரிந்துவிட்டது, வரவேண்டியவர் வரவில்லை என்று. கைக்குட்டையை எடுத்து வைத்துக்கொண்டுதான் அந்தக் கேசட்டை வாங்குவார்கள். படிக்கட்டில் உருண்டு கிடக்கும் சொம்பு என்றால் சண்டைப் படம். திறந்து கிடக்கும் சூட்கேஸ் என்றால் போனவர் திரும்பி வந்துவிட்டார், சொல்லவே வேண்டாம், அதற்குச் சிபாரிசு பிடிப்பார்கள். புதுப்படம் வந்தால் சார்ட் பேப்பரில் பெரிதாக வரைந்து கடைக் கதவில் ஒட்டுவோம். ஆட்டுக்கு எட்டாத உயரத்தில்.

சத்தத்தை மட்டும் வைத்து வரைவதில் ஒரு ஆபத்தும் இருந்தது. ஒரு படம் கதாநாயகியின் சிரிப்போடு முடிந்தது. சாச்சி பூச்சுற்றிய ஊஞ்சலை வரைந்துவிட்டாள். கல்யாணம் பேசி முடித்த ஒரு வீட்டில் சந்தோஷமாக எடுத்துப் போனார்கள். மறுநாள் அந்த வீட்டு அம்மா வந்து கேசட்டை மேசையில் போட்டார். "அந்தப் புள்ள பைத்தியம் புடிச்சில்ல சிரிக்கிது! நல்ல நாளும் அதுவுமா இதைப் பாக்கவா?"

அன்றிலிருந்து நான் அவளுக்குக் கண்ணானேன். கூடத்தில் நான் பார்ப்பேன். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்பாள். "இப்ப யாரும் பேசலையே, என்ன செய்யிறாங்க?" "சும்மா பாத்துக்கிட்டு நிக்கிறாங்க." "எதைப் பாத்து?" எதைப் பார்த்து என்று எந்தப் பள்ளிக்கூடத்திலும் என்னை யாரும் கேட்டதில்லை. அவளுக்காகப் பார்த்துப் பார்த்துத்தான் எனக்குப் படம் பார்க்கவே வந்தது. இன்றைக்கும் ஒரு காட்சியில் மேசை மேல் என்ன இருக்கிறது என்பதில்தான் என் கண் போகிறது. மகன் கேலி செய்வான்.

சாச்சியின் மாமியார் அடுத்த தெருவில் இருந்தார். வெள்ளிக்கிழமைதோறும் மருமகளைப் பார்க்க வருவார். கறாரான மனுஷி. பிள்ளையைப் பறிகொடுத்தும் எங்கள் முன்னால் கண் கலங்கியதில்லை. ஒரு வெள்ளிக்கிழமை வந்தவர் சாச்சியின் கையைப் பார்த்தார். விரல் நுனியெல்லாம் சிவப்பு. எழுந்து போய்விட்டார். இரண்டு நாளில் தெருவெல்லாம் பேச்சு. இத்தாவில் இருக்கிற பெண் மருதாணி வைத்திருக்கிறாள், அதற்குள் அடுத்த மாப்பிள்ளைக்குத் தயாராகிவிட்டாள்.

உம்மா கொதித்துப் போய் அந்த மாமியாரைக் கையோடு கூட்டி வந்தாள். சாச்சி ஈரத்துணியால் விரலைத் துடைத்துக் காட்டினாள். சாயம் துணியில் இறங்கியது.

"மருதாணி இப்பிடியா போகும் மாமி? பேனா மை."

"எந்தப் பேனா?"

சாச்சி சிவப்புப் பேனாவை நீட்டினாள். "ஒங்க மகன் குடுத்துவுட்டது."

அந்த அம்மா பேனாவை வாங்கி, மூடியைத் திறந்து, தன் உள்ளங்கையில் ஒரு கோடு இழுத்தார். அதையே சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "செவப்பு வேணாம்மா. ஊரு வாயி பொல்லாதது" என்று சொல்லிவிட்டு, பேனாவை முந்தானையில் முடிந்துகொண்டு போனார். பிடுங்கிக்கொண்டு போகிறாரே என்று எனக்கு ஆத்திரம். அது மகன் தொட்டுக் கொடுத்த பொருள் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

சிவப்பு இல்லாமல் நீலமும் பச்சையுமாக அட்டைகள் தொடர்ந்தன. அப்படி ஒரு நாள் அசர் நேரம், அதாவது பிற்பகல் தொழுகை நேரம், மாமா புதிதாகக் காப்பி எடுத்த ஒரு குதிரைச் சண்டைப் படத்தை ஓட்டிவிட்டுப் பாதியில் தொழுகைக்குப் போனார். உம்மா கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். படம் முடிந்தது. திரையில் புள்ளி புள்ளியாக இரைந்தது. நிறுத்தப் போனேன். இரைச்சல் நின்று, ஒரு பந்தல் வந்தது. ஜரிகைத் தொப்பி, கழுத்து நிறைய மாலை, முகமெல்லாம் வேர்வை. சாச்சியின் மாப்பிள்ளை.

"யாராச்சும் தண்ணி குடுங்களேன்" என்றார் அவர். மாமா திரைக்குள் வந்து தம்ளரை நீட்டினார். வாங்கிக் குடித்துவிட்டு, நேராக என்னைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கிச் சிரித்தார். "அந்த லைட்ட அமத்துங்கப்பா. கண்ணு கூசுது. இன்னும் எவ்ளோ நேரம் இப்பிடியே உக்காந்திருக்க?"

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து என் பேர் மட்டும் கேட்டது. ஓடினேன். சாச்சி ஜாலிக்குக் கீழே, சுவரில் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு நின்றாள்.

"அவுகதானே?"

"ஆமா சாச்சி."

"நிப்பாட்டிட்டு வா. உம்மா வந்துரும்."

காலிக் கேசட் என்று நினைத்துக் கல்யாணத்தின் மேலேயே மாமா குதிரைப் படத்தைப் போட்டிருக்கிறார். படம் சிறியது, கேசட் பெரியது. வால் மட்டும் மிஞ்சியிருக்கிறது. சொல்லிவிடலாம் என்றேன் நான். சாச்சி வேண்டாம் என்று தலையாட்டினாள்.

"சொன்னா, நான் அழுவேன்னு ஒளிச்சு வச்சிருவாங்க புள்ள. இல்லாட்டி இத்தாவுல இவளுக்கென்ன ஆசைன்னு பேசுவாங்க. ஆம்பளைங்க பக்கம் நடந்ததை நான் எங்கன பாத்தேன்? அவுக மாலையோட உக்காந்திருந்ததை நான் பாக்கவே இல்லையே. இத்தா முடியட்டும். நீயும் நானும் போட்டுப் பாப்போம்."

எங்கள் கல்யாணங்களில் பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம். மணப்பெண் உள்ளே குனிந்த தலை நிமிராமல் இருப்பாள். அந்தச் சில நிமிடங்கள் அவள் பார்க்காத அவள் கல்யாணம்.

அறைக்குள் ஒளித்தால் மாமா தேடுவார். அந்தப் படத்துக்கு அட்டை எங்கே என்று ஏற்கெனவே கேட்டுக்கொண்டிருந்தார். ஆகவே கேசட் கடையில்தான் இருக்க வேண்டும். ஆனால் ஒருவரும் எடுக்கக்கூடாது. எடுத்தால் டேப் சிக்கும், இல்லாவிட்டால் கடைசி வரை பார்த்து ஊரெல்லாம் சொல்வார்கள். எல்லோரும் எடுக்கும்படி இதுவரை வரைந்தவள், முதல்முறையாக ஒருவரும் எடுக்காதபடி வரைய உட்கார்ந்தாள். எது சுலபம் என்று நினைக்கிறீர்கள்?

முதலில் வெறும் நாற்காலி ஒன்றை வரைந்தாள். பார்க்க ஒன்றுமே இல்லை என்று நானும் ஒப்புக்கொண்டேன். அரை மணியில் ஒரு பெண் வந்து, "பேய்ப் படமா இது?" என்று கண்ணை விரித்து எடுத்துப் போய்விட்டாள். சாச்சி அன்று சோறு தின்னவில்லை. நல்ல வேளை, குதிரை விழுந்த இடத்திலேயே அவள் தூங்கிப்போனாளாம், கடைசி வரை பார்க்கவில்லை.

இரண்டாவதாகத்தான் அந்த டிராக்டர். டாக்கீஸில் படத்துக்கு முன்னால் அரசாங்கம் போடுகிற விவசாயப் படம் ஒன்று ஓடும், அப்போதுதான் எல்லோரும் முறுக்கு வாங்கப் போவார்கள் என்று மாமா சொல்லியிருந்தார். சாச்சி ஒரு டிராக்டரை வரைந்தாள். பக்கத்தில் ஒரு மூட்டை உரம், ஒரு செடி. கோடுகளை வேண்டுமென்றே கோணலாக்கினாள். மேலே 'பயிர் வளர்ப்போம்' என்று எழுதினாள். மாமா பார்த்துவிட்டுத் திகைத்துப் போனார்.

"குதிரைப் படத்துக்கு எதுக்கு டிராக்டர்?"

"எனக்கு அப்பிடித்தான் கேட்டுச்சு காக்கா."

மாமா உம்மாவிடம் போய்க் குசுகுசுத்தார். புத்தி பேதலித்துவிட்டதோ என்று இரண்டு பேரும் பயந்தார்கள். மந்திரித்த தண்ணீர் வந்தது. சாச்சி சமர்த்தாகக் குடித்தாள். பாவம், தங்கச்சி மனசு நோகக்கூடாது என்று மாமா அந்த அட்டையை மாட்டியே அலமாரியில் வைத்தார். அது வைத்த இடத்தில் அசையாமல் இருந்தது. வாரங்கள் போயின. கடலையே பார்த்து வளர்ந்த ஊரில் உரமூட்டையை யார் எடுப்பார்கள்? இத்தா முடிய இன்னும் இரண்டு மூன்று வாரம்தான் பாக்கி. சாச்சியின் முகம் தெளிந்துகொண்டே வந்தது. மந்திரித்த தண்ணீர் வேலை செய்கிறது என்றாள் உம்மா.

அப்போதுதான் மிளகாய்க்காரர் வந்தார்.

கமுதிப் பக்கத்துக்காரர். சொந்தக் காட்டு மிளகாயைச் சாக்கில் கட்டி, எங்கள் தெருவில் வீடு வீடாகப் போட்டுவிட்டுப் போவார். கடை வாசலில் தும்மல் கிளப்பியபடி நின்று அலமாரியைப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன்.

"பாய், அது வெவசாயப் படமா? நம்மூரு பொங்கலுக்கு டெக்கு எடுக்குறோம். அதைக் குடுங்க."

"அது நல்லா இருக்காதுங்க. டேப்பு சிக்கும்" என்றேன் நான் முந்திக்கொண்டு.

"பரவால்ல தாயி. இத்தனை கேசட்டுல எங்களுக்குன்னு ஒண்ணு வச்சிருக்கீகளே!"

அந்த டிராக்டர் அட்டையை முதன்முதலாகக் கேட்ட மனிதர். மாமா தூசி தட்டிக் கையில் கொடுத்தார். உள்ளே அது குதிரைப் படம் என்பதை அவரே மறந்திருப்பார். நான் உள்ளே ஓடினேன். சாச்சியின் காதில் ஏற்கெனவே எல்லாம் விழுந்திருந்தது. தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"மொளகாக்காரர மறந்துட்டோமே புள்ள."

அடுத்த வாரம் அவர் வரவில்லை. அங்கே மழை என்றார்கள். சாச்சி பேனாவைத் தொடவில்லை. வெளித் தெருவில் சாக்கு இழுக்கும் சத்தம் கேட்டால் நிமிர்வாள். புழுதியில் டேப் என்னவாகும், எத்தனை முறை ஓட்டுவார்கள், அறுந்தால் ஒட்டத் தெரியுமா என்று என்னையே கேட்பாள். எனக்கு என்ன தெரியும்? இப்போதுதான் துக்கம் உள்ளே இறங்குகிறது என்றாள் உம்மா. பெரியவர்களுக்கு எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் கைவசம் இருந்தது. எனக்கு அழுகை அழுகையாக வந்தது.

அவர் வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. சாச்சியின் மாமியார் உள்ளே இருந்தார். உம்மா கடைக்கும் கூடத்துக்கும் நடுவில் தொங்கிய துணித் திரைக்குப் பின்னால் நின்றாள். மிளகாய்க்காரர் வாசற்படியிலிருந்தே சிரித்தார்.

"பாய், நல்லா ஏமாத்திப்புட்டீக. ஊர்ப் பெருசுகளெல்லாம் மொத வரிசையில உக்காந்திருக்காக. பாத்தா, குதிரையில வெரட்டிக்கிட்டுத் திரியிறாய்ங்க! ஆனா வெவசாயத்த விட நல்லாத்தான் இருந்துச்சு."

அவர் கேசட்டை மேசை மேல் வைத்தார். மஞ்சள் பையில் சுற்றி, பத்திரமாகக் கொண்டு வந்திருந்தார்.

"அது முடிஞ்சு நிப்பாட்டப் போனா, ஒங்க வீட்டுக் கல்யாணம் வந்திருச்சு. நீங்கதான் தண்ணி குடுக்குறீக. மாப்ள என்னமாச் சிரிக்கிறாரு! எங்க வீட்டுப் பொம்பளைக திரும்பப் போடு, திரும்பப் போடுன்னு ஒரே ரகளை. வெளிநாட்டுல இருக்காரோ? நல்லாருக்காரா?"

உம்மா திரையைப் பிடித்துக்கொண்டாள். நான் உள்ளறைப் பக்கமே பார்த்தபடி நின்றேன். அப்போது திரைக்குப் பின்னாலிருந்து சாச்சியின் மாமியார் குரல் வந்தது.

"எம் புள்ளைதாம்ப்பா அது. நல்லா இருக்கான்."

"நல்லா இருக்கட்டும் தாயி" என்று கும்பிட்டுவிட்டு அவர் சாக்கைத் தூக்கிக்கொண்டு போனார்.

அந்த அம்மா திரையை விலக்கி வெளியே வந்தார். மாமாவிடம், "அதைப் போடு" என்றார். பிறகு உள்ளறைக்குப் போய்ச் சாச்சியின் கையைப் பிடித்துக் கூட்டி வந்து, கூடத்தில் பாயில் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். உம்மா ஏதோ சொல்ல வந்தாள். "ஒம் மாப்பிள்ளையப் பாக்க ஒனக்கில்லாத உரிமையா? பாரும்மா" என்றார் அவர், உம்மாவைத் திரும்பிப் பாராமல்.

குதிரைகளை மாமா வேகமாக ஓட்டினார். இரைச்சல் வந்தது. பந்தல் வந்தது. அந்த அம்மாவும் அன்றுதான் மகனை மாலையோடு பார்க்கிறார். அவரும் பெண்கள் பக்கம் இருந்தவர்தானே. மகன் தண்ணீர் கேட்டபோது அவருடைய கை தானாக முன்னால் நீண்டது. சாச்சி அசையவே இல்லை. கண்ணு கூசுது என்று மாப்பிள்ளை சிரித்தபோது அவளும் கண்ணைச் சுருக்கினாள். பிறகு திரை புள்ளியாகிவிட்டது. மாமா தன் கையாலேயே மற்றதையெல்லாம் அழித்துவிட்டோம் என்று தேம்பித் தேம்பி அழுதார். உம்மா அடுப்பில் போட்ட ரோஜா அட்டையைச் சொல்லி அழுதாள். அழாமல் இருந்தவர்கள் பாயில் இருந்த அந்த இரண்டு பேரும்தான்.

"இன்னொருக்கா போடு" என்றார் அந்த அம்மா.

கிளம்பும்போது முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சிவப்புப் பேனாவைச் சாச்சியிடம் கொடுத்தார். அடுத்த தடவை மிளகாய்க்காரர் வந்து கேட்டபோதும், அதற்கு அடுத்த தடவையும், மாப்பிள்ளை நல்லா இருக்கார் என்றே சொன்னோம். அது அந்த அம்மாவின் உத்தரவு.

இத்தா முடிந்தது. அந்தக் கேசட்டுக்கு நல்ல அட்டையாக ஒன்று போடு என்றாள் உம்மா. டிராக்டரே இருக்கட்டும் என்றாள் சாச்சி. நான் பெரியவளாகிக் கடையில் உட்காருவது நின்றது. சில வருடம் கழித்துச் சாச்சிக்கு மறு நிக்காஹ் நடந்தது. மாப்பிள்ளை எங்கள் கடையின் பழைய வாடிக்கையாளர், சரியான சினிமாப் பைத்தியம். தங்கமான மனிதர். பிள்ளைகள் பிறந்தன. ஊருக்குள் கேபிள் வந்தது. கடை போனது, டெக் போனது. குடையும் மூன்று தட்டும் சூட்கேசும் எங்கே போயின என்று தெரியவில்லை. மழையில் ஊறியது பாதி, பழைய பேப்பர்காரருக்குப் போனது பாதி. ஒன்றைக்கூட எடுத்து வைத்துக்கொள்ளத் தோன்றவில்லையே என்று எனக்கு இன்றும் ஆறவில்லை.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு சாச்சி உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் மாப்பிள்ளை, எங்கள் சாச்சா, பேரன் வாங்கிக் கொடுத்த பெரிய டிவியில் மூஞ்சிகளைத் தள்ளிக்கொண்டிருந்தார். பக்கத்து அலமாரியில் மருந்து டப்பா, கண்ணாடிக் கூடு, பிள்ளைகள் வாங்கிய கோப்பைகள். ஓரத்தில் டிராக்டர். பச்சை வெளுத்து, உரமூட்டை மங்கி, கோணல் கோடு மட்டும் அப்படியே இருந்தது.

"சாச்சா, கடையில இருந்த எல்லாப் படமும் பாத்திருப்பீங்கல்ல?"

"ஒண்ணு விடல. சிலது மூணு தடவ."

"அது?" என்று அலமாரியைக் காட்டினேன்.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. எதைக் கேட்கிறேன் என்று தெரிந்திருந்தது.

"அதைப் பாக்கலம்மா. ஒன் சாச்சி அட்டை வரைஞ்சா, கை தானாப் போயி எடுக்கும். அதுல மட்டும் எடுக்காதேன்னு வரைஞ்சிருந்தா. சரி, அது அவளோடதுன்னு விட்டுட்டேன்."

ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு, தோளில் கிடந்த துண்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். மருந்து டப்பாவை நகர்த்தினார், கோப்பைகளை நகர்த்தினார், அலமாரித் தட்டைத் துடைத்தார். டிராக்டரை மட்டும் நகர்த்தாமல் சுற்றித் துடைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.